மஞ்சளா இருந்தா ஆவாரம்பூவா?

ஐரிஸ் பூவை நீங்க நேர்ல பார்த்திருக்கீங்களா?

நான் பார்த்ததில்லை. நம்ம கிளாஸ்ல யாரும் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஆனா அதோட இதழ் எத்தனை சென்டிமீட்டர்னு கேட்டா லேப் ரெக்கார்டைப் புரட்டிச் சொல்லிடுவோம். மெஷின் லேர்னிங் லேப்ல எல்லாருக்கும் முதல் எக்சர்சைஸ் அதுதானே? மூணு இனம், இனத்துக்கு 50 பூ, ஒவ்வொரு பூவுக்கும் நாலு அளவு. ரொம்ப நெருங்கின சொந்தக்காரப் பூக்களை வெறும் எண்ணை வச்சுப் பிரிக்க முடியுமாங்கறதுதான் கணக்கு. 1936-ல ரொனால்ட் ஃபிஷர் இந்த டேட்டாவை வச்சுக் கட்டுரை எழுதினார், அதனால அவர் பேர் நமக்கு மனப்பாடம். ஆனா அந்தப் பூக்களைத் தேடிப் போய்க் குனிஞ்சு அளந்தவர் எட்கர் ஆண்டர்சன்ங்கற தாவரவியல் ஆய்வாளர். வெர்சிகலர்ங்கற இனம் எங்கிருந்து வந்ததுன்னு தெரிஞ்சுக்கறதுக்காக வருஷக்கணக்கா ஐரிஸ் பின்னாடியே அலைஞ்சவர். அவர் பேர் நம்ம ரெக்கார்டு நோட்ல இல்ல.

இந்தக் கட்டுரை ஐரிஸ் பத்தி இல்லீங்க. குனிஞ்சு பார்த்தவங்களைப் பத்தி, குனிஞ்சு பார்க்காத நம்மளைப் பத்தி. இதுல மாட்டிக்கிட்ட முதல் ஆள் நான்தான்.

எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், உள்ளூர்ச் செடிகளைப் படம் பார்த்து அடையாளம் சொல்ற ஒரு ஆப். நாலு பேர் டீம். நெட்ல செடிப் பேரைப் போட்டுத் தேடி, வந்த படங்களை இறக்கி, ஃபோல்டர் ஃபோல்டரா பிரிச்சு, மாடலுக்கு ஊட்டினோம். அக்யூரசி நல்லாவே வந்துச்சு. முதல் ரிவ்யூ கைத்தட்டலோட முடிஞ்சது.

ஜனவரில பொங்கலுக்கு காங்கேயம் பக்கம் அம்மாயி ஊருக்குப் போயிருந்தேன். நம்ம பக்கத்து ஆளுங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மத்தவங்களுக்காகச் சொல்றேன்: போகி அன்னைக்கு கொங்கு நாட்டுல காப்புக் கட்டுவாங்க. ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை மூணையும் ஒரு கொத்தாக்கி வாசல், கட்டுத்தறி, கிணறு, தோட்டம்னு எல்லா இடத்துலயும் சொருகுவாங்க. அந்த வருஷம் ஆவாரம்பூ பறிச்சுட்டு வர்ற வேலை எனக்கு. ரோட்டோரம் சாக்கடைப் பள்ளத்துப் பக்கத்துல மஞ்சளா ஒரு செடி பூத்திருந்தது. போனை எடுத்தேன். எங்க ஆப் 97 சதவீதம் ஆவாரைன்னு சொல்லுச்சு. ஒரு கை நிறைய ஒடிச்சுட்டுப் போனேன்.

அம்மாயி வாங்கிப் பார்த்தாங்க. "ஏஞ்சாமி, இதையப் போயி காப்புக்குக் கொண்டாந்திருக்கற? இது பேயாவாரையல்லொ!" ஒரு இலையைக் கசக்கி என் மூக்குக்கிட்ட நீட்டினாங்க. "மோந்து பாரு." மோந்து பார்த்தேன். குப்புனு ஒரு கெட்ட நாத்தம்.

ஆவாரை, பேயாவாரை. பேர்லயே சொந்தம் தெரியுது பாருங்க. ரெண்டுமே சென்னாங்கற ஒரே பேரினம். ஒண்ணு சென்னா ஆரிகுலேட்டா, இன்னொண்ணு சென்னா ஆக்ஸிடென்டாலிஸ்.

அன்னைக்கு ராத்திரி லேப்டாப்பைத் திறந்து எங்க "ஆவாரம்பூ" ஃபோல்டரை முதல் தடவையா ஒவ்வொரு படமா பார்த்தேன். பேயாவாரை இருந்துச்சு, தகரை இருந்துச்சு, மரத்துல பூக்கற கொன்றை கூட இருந்துச்சு. யாரோ தப்பாப் பேர் போட்டாங்க, நாங்க அப்படியே எடுத்துக்கிட்டோம். அப்புறம் எப்படி அக்யூரசி வந்துச்சுன்னு கேக்கறீங்களா? டெஸ்ட் பண்ணின படங்களும் அதே ஃபோல்டர்ல இருந்து பிரிச்சதுதான். தப்பான பாடத்தைப் படிச்சவனுக்கு, தப்பான விடைத்தாளை வச்சே மார்க் போட்டிருக்கோம். அவன் சென்டம் வாங்காம என்ன பண்ணுவான்?

சரி, பூ மாறிப்போனா என்ன இப்போ? காப்புக்கு வேற பூ வச்சா குடி முழுகிடுமான்னு கேக்கலாம். முழுகாது. ஆனா மூணு செடியைப் பத்திச் சொல்றேன், அப்புறம் நீங்களே முடிவு பண்ணுங்க. மூணும் சென்னா, மூணுக்கும் அஞ்சு இதழ் மஞ்சள் பூ.

முதல்ல ஆவாரை. நம்ம மண்ணோட செடி. மழை பொய்ச்சாலும் காஞ்ச கரட்டுல பூத்து நிக்கும். இது பூத்த ஊர்ல சாவு இல்லைங்கற அர்த்தத்துல ஒரு பழமொழியே இருக்கு. கபிலர் குறிஞ்சிப்பாட்டுல வரிசையாச் சொல்ற 99 பூக்கள்ல ஆவிரையும் உண்டு, காப்புல கூட வர்ற பூளையும் உண்டு. இதோட பட்டையை வச்சுத்தான் தென்னிந்தியாவுல ரொம்ப காலம் தோல் பதனிட்டாங்க. தெலங்கானாவோட மாநிலப் பூ இதுதான், அங்க பேர் தங்கேடு.

ரெண்டாவது பேயாவாரை. மேற்கு உத்தரப் பிரதேசத்துல பல வருஷமா, மழைக்காலம் முடிஞ்சு குளிர் தொடங்கற மாசங்கள்ல, சின்னக் குழந்தைங்க திடீர்னு வாந்தி எடுத்து, நினைவு தப்பி, சில நாள்ல இறந்துட்டு இருந்தாங்க. வைரஸ் மூளைக்காய்ச்சல்னுதான் எல்லாரும் நினைச்சாங்க. பிஜ்னோர்ல குழந்தைகள் மருத்துவரா இருந்த விபின் வசிஷ்டாவும், நம்ம வேலூர் சி.எம்.சி.யில வேலை பார்த்த வைராலஜி நிபுணர் ஜேக்கப் ஜானும் சேர்ந்த குழு 2007-ல எழுதின கட்டுரைதான் வேற ஒரு காரணத்தைக் காட்டுச்சு. கிருமி இல்ல, கேசியா ஆக்ஸிடென்டாலிஸ் விதை. அதாவது அம்மாயி என் கையில இருந்து வாங்கித் தூர எறிஞ்ச அதே செடி. விளையாடற குழந்தைங்க காயைப் பறிச்சு விதையைத் தின்னிருக்காங்க. ஈரல், தசை, மூளை மூணும் பாதிச்சிருக்கு.

2016-ல ஒடிசாவோட மல்கான்கிரி மாவட்டத்துல நூறுக்கும் மேல குழந்தைங்க இறந்தப்ப, ஒரு பகுதிக்கு ஜப்பானிய மூளைக்காய்ச்சல் காரணம், இன்னொரு பகுதிக்கு இந்தச் செடி காரணம்னு நிபுணர் குழு சொன்னாங்க. அங்க சக்குண்டான்னு ஒரு கீரை சாப்பிடுவாங்க, அது நம்ம தகரை. பேயாவாரைக்கு அங்க பேர் பன சக்குண்டா, காட்டுச் சக்குண்டான்னு அர்த்தம். நாம "பேய்"னு சொன்னதை அவங்க "காடு"ன்னு சொல்லி வச்சிருக்காங்க. ரெண்டு மொழியும் ஒரே எச்சரிக்கையைத்தான் பேர்ல கட்டி வச்சிருக்கு. அந்த முன்னொட்டு எதுக்குன்னு மறந்துபோனா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

மூணாவது சென்னா ஸ்பெக்டாபிலிஸ். செடியா நம்ம இடுப்பு உயரத்துல நிக்கறப்ப சாதுவாத் தெரியும், மரமாயிட்டா காட்டையே பிடிச்சுக்கும். மத்திய, தென் அமெரிக்காவுல இருந்து அழகுக்காகவும் விறகுக்காகவும் கொண்டு வந்தது. இப்போ நீலகிரியிலயும் ஈரோடு மாவட்டத்து சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துலயும் பரவிக் கிடக்கு. வெட்டினா மறுபடி துளிர்க்கும். இது அடர்ந்த இடத்துல யானைக்கும் மானுக்கும் வேண்டிய புல் வர்றதில்லை. தமிழ்நாடு அரசு 2022-ல அந்நியத் தாவரங்களுக்குன்னு தனிக் கொள்கையே கொண்டு வந்துச்சு. இந்த மரத்தை வெட்டி எடுத்து, கரூர் பக்கம் இருக்கற டி.என்.பி.எல். காகித ஆலைக்குக் கூழாக்கக் கொடுக்கற வேலையும் தொடங்குச்சு. இதுக்குத் தமிழ்ல என்ன பேர் தெரியுமா? மஞ்சள் கொன்றை. நம்ம சரக்கொன்றையோட பேரைக் கடன் வாங்கிக்கிட்டு, நம்ம மரம் மாதிரியே ரீல்ஸ்ல ஓடிக்கிட்டு இருக்கு.

ஒண்ணு சாமிக்கு, ஒண்ணு விஷம், ஒண்ணு காட்டுக்கே வினை. பூவை மட்டும் பார்த்தா மூணும் மஞ்சள்.

அப்போ எதைப் பார்க்கணும்? பூவை விட்டுட்டு இலையைப் பாருங்க. ஒரு நடுக்காம்புல ரெண்டு பக்கமும் ஜோடி ஜோடியா குட்டி இலைங்க இருக்கும். அந்தக் காம்பு மேல கடுகு மாதிரி, இல்லேன்னா குச்சி மாதிரி சின்னதா ஒரு மேடு தெரியுதான்னு தேடுங்க. அது தேன் சுரப்பி. பூவுக்கு வெளியே தேன் கொடுத்து எறும்பைக் கூப்பிடறதுக்கு. எறும்பு வந்தா இலையைத் தின்ற பூச்சிங்க ஓடும், அதுதான் அக்ரிமென்ட். நமக்கு அந்த மேடு எங்க இருக்குங்கறதுதான் முக்கியம். நம்ம பாஷையில இஃப்-எல்ஸ் போட்டுச் சொல்றேன்.

எல்லா ஜோடிக்கு நடுவுலயும் ஒரு சுரப்பி இருந்தா ஆவாரை. கூடவே இலைக்காம்பு தண்டோட சேர்ற இடத்துல காது மடல் மாதிரி வட்டமா ரெண்டு குட்டி இலை இருக்கும். ஆரிகுலேட்டாங்கற பேரே லத்தீன்ல குட்டிக் காதுங்கறதுல இருந்து வந்ததுதான். காய் தட்டையா, காகிதம் மாதிரி மெலிசா இருக்கும்.

காம்போட அடியில ஒரே ஒரு சுரப்பி, இலை நாலஞ்சு ஜோடிதான், நுனி கூர், கசக்கினா நாத்தம்னா பேயாவாரை. காய் நீளமா மேல பார்த்து நிக்கும். நடுவுல பழுப்பு, ரெண்டு ஓரமும் வெளிர்.

மூணே ஜோடி இலை, நுனி உருண்டை, கீழ்ஜோடிப் பக்கம் மட்டும் சுரப்பின்னா தகரை. காய் ஒல்லியா வளைஞ்சிருக்கும்.

சுரப்பியே இல்ல, குட்டி இலை மட்டும் நிறைய ஜோடி இருக்கு, உச்சியில பெரிய பெரிய பூங்கொத்துன்னா ஸ்பெக்டாபிலிஸா இருக்கலாம்னு சந்தேகப்படுங்க.

இப்படி ஆமா-இல்லைன்னு பிரிச்சுக்கிட்டே போய் பேரைப் பிடிக்கற முறை கம்ப்யூட்டர் வந்து கண்டுபிடிச்சது இல்ல. 1778-லயே லமார்க் பிரான்ஸ் நாட்டுத் தாவரங்களுக்கு இப்படி ஒரு புத்தகம் போட்டுட்டார். நாம டிசிஷன் ட்ரீன்னு அஞ்சாவது செமஸ்டர்ல படிச்சதோட தாத்தா அது.

இப்போ எங்க ஆப் ஏன் தோத்துச்சுன்னு புரியும். செடியைப் படம் எடுக்கற எல்லாரும் பூவைத்தான் எடுக்கறாங்க. வித்தியாசம் இருக்கறது இலைக்காம்போட அடியில. அங்க கேமரா போறதே இல்ல. நாத்தத்துக்கு ஜே.பி.ஜி. ஃபார்மேட்டும் கிடையாது. மாடலைக் குறை சொல்லி என்ன பண்றது? அதுக்குச் சொல்லிக் கொடுத்த நாங்களே செடியைப் பார்த்ததில்லையே.

இங்க நீங்க ஒண்ணு நினைக்கலாம்: "கடைசியில பாட்டி சொல்லே வேதம்னு முடிக்கப் போறான்." அதுவும் இல்ல. அம்மாயிக்குத் தெரிஞ்சது அந்தக் கொரங்காட்டைச் சுத்தி இருக்கற செடிங்க. ஸ்பெக்டாபிலிஸ் படத்தைக் காட்டினேன். "கொன்னை மாதிரி இருக்குது"ன்னாங்க. அவங்க காலத்துல இல்லாத செடி, அவங்க எப்படிச் சொல்லுவாங்க? தமிழ்ப் பேர்லயும் சிக்கல் இருக்கு. தகரைன்னு ஒரு இடத்துல ஒரு செடியைச் சொல்றாங்க, இன்னொரு இடத்துல பேயாவாரையையே தகரைங்கறாங்க. பொன்னாவாரைன்னு கேட்டா ஏதோ தங்கமான செடின்னு தோணும், ஆனா அதுவும் பேயாவாரைக்கே வழங்கற இன்னொரு பேர். அதனால லத்தீன் பேரும் வேணும். அதுவும் கல்லுல எழுதினது இல்ல. லின்னேயஸ் 1753-ல ஆவாரை, பேயாவாரை, தகரை, கொன்றை எல்லாத்தையும் கேசியான்னு ஒரே வீட்டுல வச்சார். 1982-ல இர்வின், பார்னபின்னு ரெண்டு பேர் பூவோட மகரந்தத் தாளையும் காயையும் திரும்ப உத்துப் பார்த்து, அந்த வீட்டை மூணாப் பாகம் பிரிச்சாங்க. சரக்கொன்றை கேசியாவிலேயே தங்கிடுச்சு, ஆவாரை சென்னாவுக்குப் போயிடுச்சு. 229 வருஷம் கழிச்சும் ஒருத்தர் குனிஞ்சு பார்த்தா புதுசா ஒண்ணு தெரியுது.

நான் சொல்ல வர்றது இவ்வளவுதான்: ஒரு பேர் எவ்வளவு நம்பகமானதுங்கறது, அதைச் சொன்னவர் எவ்வளவு கிட்டப் போய்ப் பார்த்தார்ங்கறதைப் பொறுத்தது. அது பாட்டியா இருந்தாலும் சரி, லின்னேயஸா இருந்தாலும் சரி, ஆப்பா இருந்தாலும் சரி. நம்ம தலைமுறைக்கு பேர் கிடைக்கறது ரொம்ப சுலபமாயிடுச்சு, கிட்டப் போய்ப் பார்க்கற பழக்கம் மட்டும் போயிடுச்சு.

"ப்ளேஸ்மென்ட் சீசன்ல இதெல்லாம் எதுக்கு ப்ரோ?" நியாயமான கேள்வி. நானும் பதினொண்ணாவதுல கம்ப்யூட்டர் சயின்ஸ் க்ரூப்தான். சின்ன வயசுல இருந்து இங்கிலீஷ் மீடியம், இந்தக் கட்டுரையையே தங்கிலீஷ்ல தட்டித் தமிழாக்கி, ஃப்ரெண்ட்கிட்ட கொடுத்து ஒற்றுப்பிழை பார்க்கச் சொன்னேன். ஆனா நாளைக்கு நம்மள்ல பாதிப் பேர் டேட்டாவோட வேலை பார்க்கப் போறோம். மருத்துவ ஸ்கேனா இருக்கும், பேங்க் லோனா இருக்கும். அங்கயும் யாரோ போட்ட லேபிள், யாரோ வச்ச ஃபோல்டர். இது உண்மையான்னு ஒரு தடவை எழுந்து போய்ப் பார்க்கத் தோணாத இன்ஜினியர் என்ன மாதிரி மெஷின் செய்வான்? ஆவாரம்பூ விஷயத்துல என் நஷ்டம் ஒரு கை பூ. அங்க அப்படி இருக்காது.

இன்னொண்ணும் இருக்கு. ஆவாரம்பூ டீ, ஆவாரம்பூ பொடின்னு எல்லா ஊர்லயும் விக்குது. நாமளும் ரோட்டோரம் பறிச்சுக் காய வச்சுப் பொடி பண்ணி ஹாஸ்டலுக்குக் கொண்டு வர்றோம். பொடியாக்கிட்டா காது மடலும் இருக்காது, சுரப்பியும் இருக்காது, காயும் இருக்காது. அதுக்கு மேல எந்த நிபுணராலயும் கண்ணால பார்த்துச் சொல்ல முடியாது. பார்க்க வேண்டிய நேரம் செடியில இருக்கறப்பதான். சந்தேகமா இருந்தா வாயில வைக்காதீங்க, அவ்வளவுதான்.

கோயம்புத்தூர்ல இருந்துக்கிட்டு இதைத் தெரியாம இருக்கறது கொஞ்சம் வெட்கமாவும் இருக்கு. மெட்ராஸ் ஹெர்பேரியம் எங்க இருக்கு சொல்லுங்க? சென்னையில இல்லீங்க. நம்ம லாலி ரோட்டுல, வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்துல, இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தோட தென்மண்டல மையத்துல இருக்கு. தென்னிந்தியாவோட செடிங்க ரெண்டு லட்சத்துக்கும் மேல, காய வச்சுத் தாள்ல ஒட்டி, எந்த ஊர்ல, எந்தத் தேதியில, யார் பறிச்சதுன்னு எழுதி வச்சிருக்காங்க. கேம்பிள் 1915-ல தொடங்கி, அவர் இறந்த பிறகு ஃபிஷர்ங்கறவர் 1936-ல முடிச்ச மெட்ராஸ் மாகாணத் தாவரப் புத்தகத்தை இன்னைக்கும் ஆய்வாளர்கள் புரட்டறாங்க. (இவர் சி.இ.சி. ஃபிஷர். அதே வருஷம் ஐரிஸ் கட்டுரை எழுதினவர் வேற ஃபிஷர். பார்த்தீங்களா, பேர் ஒண்ணா இருந்தா ஆள் ஒண்ணுன்னு நினைச்சுடறோம்.) அந்தக் கேட்டைத் தாண்டித்தான் நாம மருதமலைக்கு பைக்ல போறோம்.

எங்க டீம்ல என்ன பண்ணினோம்னு சொல்லிடறேன். ரெண்டாவது ரிவ்யூக்கு முன்னாடி ஆவாரை ஃபோல்டரையே அழிச்சோம். நாலு பேரும் ஞாயித்துக்கிழமைகள்ல கிளம்பிப் போய் நாங்களே படம் எடுத்தோம். ஒவ்வொரு செடிக்கும் பூ, இலையோட மேல் பக்கம், காம்போட அடி, காய்னு தனித்தனியா. ஒரு செடி இன்னதுன்னு நாலு பேரும் ஒத்துக்கிட்டாத்தான் ஃபோல்டருக்குள்ள போகும். படம் குறைஞ்சு போச்சு, அக்யூரசியும் இறங்கிடுச்சு. கைடு முகம் கொஞ்சம் வாடுச்சு. ஆனா இந்த நம்பரை என்னால அம்மாயிகிட்ட தைரியமாச் சொல்ல முடியும்.

உங்ககிட்ட ரெண்டு விஷயம் கேட்டுக்கறேன். ஒண்ணு, நம்ம காலேஜ் கிரவுண்டுக்குப் பின்னாடி காம்பவுண்டு ஓரமா மஞ்சளாப் பூத்து நிக்கற செடிங்களை இந்த வாரம் போய்ப் பாருங்க. பூவை விடுங்க, காம்பைப் பாருங்க. அங்க ரெண்டு இனம் இருக்கு. எது எதுன்னு நான் சொல்ல மாட்டேன். ரெண்டு, நீங்க எடுக்கற படத்துல காம்பும் காயும் தெரியற மாதிரி ஒண்ணையாவது, எடுத்த ஊர், தேதியோட, சரியான பேர் போட்டு விக்கிமீடியா காமன்ஸ்ல ஏத்துங்க. அடுத்த வருஷம் நம்ம ஜூனியர் யாராவது "ஆவாரம்பூ"ன்னு தேடறப்ப, குறைஞ்சது ஒரு படமாவது ஆவாரம்பூவா இருக்கட்டும்.

வர்ற போகிக்கு ஊருக்குப் போறவங்க பூ பறிக்கற வேலையை நீங்களே கேட்டு வாங்கிக்கோங்க. ஒடிக்கறதுக்கு முன்னாடி ஒரு இலையைக் கசக்கி மோந்து பாருங்க.